வாசலில் வந்து ‘இலவச இன்சுலேஷன்’ என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா? பிரிட்டனின் ஈக்கோ திட்டம் பற்றி

கேள்வி சுருக்கமாக: லண்டன் ஈஸ்ட் ஹாமில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரிசை வீடு. வயதான பெற்றோருக்குச் சொந்தம், அவர்களே குடியிருக்கிறார்கள், குறைந்த வருமான முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் உதவித்தொகை வாங்குகிறார்கள். வீட்டின் ஈபிசி (எரிசக்திச் சான்று) தரம் ‘இ’; ‘ஏ’ நல்லது, ‘ஜி’ மோசம். வாசலுக்கு வந்த ஒருவர், “அரசாங்கத் திட்டம், சுவர் முழுக்க இன்சுலேஷன், புது ஹீட்டிங், ஒரு காசு தர வேண்டாம், இன்றே கையெழுத்துப் போட்டால் போதும்” என்று சொல்லியிருக்கிறார். நம்பலாமா? இது நமக்குச் சேர வேண்டிய உரிமையா? வேலை கெட்டுப்போனால் யாரைப் பிடிப்பது?

திட்டம் நிஜம். உங்கள் பெற்றோர் தகுதியுள்ளவர்கள்தான். ஆனாலும் இன்றே கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் எங்கிருந்து எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியும்.

அவர் ‘அரசாங்கத் திட்டம்’ என்றது பாதி உண்மை. இதன் பெயர் எரிசக்தி நிறுவனங்களின் கடமை. எல்லோரும் ‘ஈக்கோ’ என்பார்கள், இப்போதுள்ளது நான்காம் கட்டம், ‘ஈக்கோ 4’. ஈக்கோவின் முதல் கட்டம் 2013 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன்பும் வேறு பெயர்களில் இதே ஏற்பாடு 1990களிலிருந்தே இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் வீட்டு வாடிக்கையாளர் வைத்திருந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் கரண்டோ கேஸோ விற்கிற ஒவ்வொரு சப்ளையரும், குறைந்த வருமான வீடுகளின் எரிபொருள் செலவை இவ்வளவு குறைத்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. செய்து காட்டாவிட்டால் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அபராதம் போடும். செலவு முதலில் சப்ளையருடையது, கடைசியில் எல்லோருடைய கரண்ட், கேஸ் பில்லிலும் ஏறிவந்தது. அதாவது உங்கள் பெற்றோரும் இத்தனை வருடம் இதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

சட்டம் சப்ளையரைக் கட்டுவது அரசாங்கத்திடம். உங்களிடம் இல்லை. ‘இந்த வீட்டுக்குச் செய்தே ஆக வேண்டும்’ என்று எந்த சப்ளையருக்கும் கட்டாயம் கிடையாது. தகுதி இருந்தும் மறுக்கலாம், பாதி பேச்சில் காணாமல் போகலாம், மேல்பணம் கேட்கலாம். பென்ஷன் கிரெடிட் மாதிரி விண்ணப்பித்தால் கிடைத்தே தீரும் என்ற சமாசாரம் இல்லை இது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

சப்ளையருக்குக் கொடுத்த இலக்கு வீடுகளின் எண்ணிக்கையில் இல்லை, ‘ஆண்டு பில் சேமிப்பு’ என்ற கணக்கில் இருக்கிறது. ஈக்கோ 4-க்கு எல்லா சப்ளையருக்கும் சேர்த்து 22.43 கோடி பவுண்டு ஆண்டு சேமிப்பு. இதை அவரவர் சந்தைப் பங்குக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு எவ்வளவு சேமிப்பு என்பதை உங்கள் மீட்டரைப் பார்த்துக் கணக்கிடுவதில்லை. வேலைக்கு முன் வீட்டின் ஈபிசி புள்ளி எந்தப் படியில் இருந்தது, வேலைக்குப் பின் எந்தப் படியில் இருக்கிறது, தரைப் பரப்பு எவ்வளவு என்று பார்த்து அட்டவணையிலிருந்து ஒரு எண்ணை எடுப்பார்கள். சப்ளையர் அந்த எண்ணுக்கு ஒரு விலை பேசி, வேலை செய்யும் இன்ஸ்டாலருக்கோ இடையில் இருக்கும் ஏஜென்டுக்கோ கொடுக்கிறார். வாசலில் வந்த ஆள் பெரும்பாலும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. வீட்டு விவரத்தைப் பிடித்துக் கொடுத்தால் அவருக்குக் கமிஷன்.

இதிலிருந்து மூன்று விஷயம் புரியும். தொடக்கப் புள்ளி எவ்வளவு தாழ்வோ, வீடு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பணம். அதனால் பெரிய, குளிரான வீடு என்றால் ஓடி வருவார்கள், சின்ன ஃபிளாட் என்றால் பதில் வராது. இரண்டாவது, செலவு எப்படிப் போனாலும் வரவு மாறாது. ஆகவே வேலையில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு பவுண்டும் இன்ஸ்டாலரின் லாபம். மூன்றாவது, முன் ஈபிசியைத் தாழ்த்தியும் பின் ஈபிசியை உயர்த்தியும் காட்டுகிற ஆசை இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. 5,600 முதல் 16,500 வீடுகள் வரை பொய்க் கணக்குக் காட்டி, 5.6 கோடி முதல் 16.5 கோடி பவுண்டு வரை வாங்கியிருக்கலாம் என்று ஆஃப்ஜெம்மே மதிப்பிட்டது. ஆகவே அளவெடுக்க வருபவர் ஏற்கனவே இருக்கும் லாஃப்ட் (கூரைக்கடி) இன்சுலேஷனையோ இரட்டைக் கண்ணாடி ஜன்னலையோ ‘இல்லை’ என்று எழுதினால் சும்மா இருக்காதீர்கள். அந்தத் தாளில் இருப்பது உங்கள் வீட்டைப் பற்றிய அதிகாரப்பூர்வப் பதிவு. நாளை வீட்டை விற்கும்போதும் அதுதான் வரும்.

அப்பா அம்மா விஷயத்துக்கு வருவோம். பென்ஷன் கிரெடிட்டில் கேரண்டி பகுதி வாங்கினாலும் சரி, சேவிங்ஸ் பகுதி மட்டும் வாங்கினாலும் சரி, தகுதி உண்டு. சொந்த வீடு என்றால் ‘டி’ முதல் ‘ஜி’ வரை எந்தத் தரமும் சேரும். ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம்: ‘எஃப்’, ‘ஜி’ வீடுகள் வேலை முடியும்போது குறைந்தது ‘டி’-க்கு வர வேண்டும், ‘டி’, ‘இ’ வீடுகள் ‘சி’-க்கு வர வேண்டும். ‘சி’ என்றால் 69 புள்ளி. ‘இ’ என்பது 39 முதல் 54 வரை. ஆகவே உங்கள் வீடு குறைந்தது 15 புள்ளி, மோசமாக இருந்தால் 30 புள்ளி ஏற வேண்டும். லாஃப்டில் இன்சுலேஷன் கம்பளி விரிப்பது மட்டும் அதற்குப் போதாது. “எங்களுக்கு பாய்லர் மட்டும் மாற்றுங்கள், சுவரைத் தொடாதீர்கள்” என்று சொன்னால் இன்ஸ்டாலர் கழன்றுகொள்வதும் இதனால்தான். கூரையும் சுவரும் வெறுமையாக இருக்க, ஹீட்டிங்கை மட்டும் மாற்றுவதற்கு விதியும் இடம் கொடுப்பதில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. யூனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட், வருமானத்தை வைத்துக் கொடுக்கும் பழைய உதவித்தொகைகள் எல்லாம் சேரும். சைல்ட் பெனிஃபிட் வாங்குபவர்களுக்கு வருமான உச்சவரம்பு இருக்கிறது: தம்பதி, ஒரு பிள்ளை என்றால் ஆண்டுக்கு 27,500 பவுண்டு, இரண்டு பிள்ளை என்றால் 32,300. உதவித்தொகை எதுவுமே இல்லாவிட்டாலும் கவுன்சில் வழியாக ஒரு பாதை உண்டு. குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 31,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தாலோ, வீட்டில் ஒருவருக்கு இதய நோய், மூச்சுக் கோளாறு, நடமாட்டக் குறைவு, நோய் எதிர்ப்புக் குறைவு என்று குளிரால் மோசமாகும் உடல்நிலை இருந்தாலோ, கவுன்சில் ஓர் உறுதிமொழிச் சீட்டில் கையெழுத்திடலாம். இந்தப் பாதையில் சேர்ந்த கவுன்சில்கள் தங்கள் நிபந்தனைகளை ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் இன்டென்ட்’ என்ற பெயரில் தங்கள் தளத்தில் போட்டிருப்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ‘இ’ முதல் ‘ஜி’ வரைதான், லேண்ட்லார்டின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், கிடைக்கும் வேலைகளின் பட்டியலும் குறுகியது.

கேஸ் எந்தக் கம்பெனியிடம் வாங்குகிறீர்களோ அதே கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. கடமைப்பட்ட எந்த சப்ளையரிடமும் கேட்கலாம். ஒருவர் ‘இல்லை’ என்றால் அடுத்தவர். ஆள் வாசலுக்கு வரக் காத்திருப்பதைவிட, கவுன்சிலின் எரிசக்திப் பிரிவுக்கோ சப்ளையருக்கோ நீங்களே போன் போட்டு, அவர்கள் பயன்படுத்தும் இன்ஸ்டாலரின் பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது.

இப்போது சுவர். வாசலில் வந்தவர் ‘வெளிச்சுவர்’ என்றாரா, ‘உள்சுவர்’ என்றாரா, ‘கேவிட்டி’ என்றாரா என்று கேளுங்கள், மூன்றும் வேறு வேறு வேலை. வெளியே நின்று செங்கல்லைப் பாருங்கள். எல்லாச் செங்கல்லும் நீளவாக்கில் மட்டும் தெரிந்தால் இரண்டு அடுக்குச் சுவர், நடுவில் இடைவெளி, அதுதான் கேவிட்டி. நீளக் கல்லுக்கு நடுநடுவே சின்னச் சதுர முகமும் தெரிந்தால், கல் சுவரின் குறுக்கே போகிறது, முழுச் செங்கல் சுவர். சிமென்ட் பூசி மறைத்திருந்தால் வாசல் கதவோரத்தில் டேப் வைத்துச் சுவரின் மொத்தத் தடிமனை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 230, 240 மி.மீ. என்றால் முழுச் செங்கல். 270-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கேவிட்டி. ஈஸ்ட் ஹாமில் அந்தக் காலத்து வரிசை வீடு என்றால் அநேகமாக முழுச் செங்கல்தான். ஹேரோ பக்கத்து 1930களின் இரட்டை வீடுகளில் கேவிட்டி நிறைய, ஆனால் அங்கேயும் முழுச் செங்கல் சுவர் இருக்கிறது, ஊகிக்காதீர்கள்.

கேவிட்டி நிரப்புவது எளிய வேலை. வெளிச் செங்கல்லுக்கு இடையிலான காரை இணைப்புகளில் 22 மி.மீ. அளவில் துளை போட்டு, குட்டி மணிகளையோ கம்பளியையோ ஊதி நிரப்பி, துளையை மூடிவிடுவார்கள், ஒரு நாளில் முடியும். கெட்டுப்போவது மழையால். கடலோரம், மேட்டு நிலம் என்று மழை அடிச்சு நனைக்கிற இடத்தில், பூச்சு விரிசல் விட்ட சுவரில், அல்லது இடைவெளிக்குள் பழைய காரைக் கட்டிகள் கிடக்கும் சுவரில் நிரப்பினால், வெளி ஈரம் உள்ளடுக்குக்கு நடந்து வந்துவிடும். அதனால் முதலில் ஒரு துளை போட்டு கேமரா விட்டுப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

முழுச் செங்கல் சுவர் கதையே வேறு. உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது பெரும்பாலும் அதுதான், எனவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன். தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, ஈக்கோ 4-லும் அதன் துணைத் திட்டத்திலும் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில், அதாவது 22,000 முதல் 23,000 வீடுகளில், சரிசெய்தே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாகச் சொன்னது. உள்சுவர் வேலையில் 29 சதவீதம். வெளிச்சுவர் வீடுகளில் 6 சதவீதத்தில் குடியிருப்போர் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து. அந்த ஆண்டு ஜனவரியிலேயே 39 இன்ஸ்டாலர்கள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தார்கள். காரணமாக அந்த அறிக்கை சொன்னது: திறமை போதாத வேலையாட்கள், கைமாறிக் கைமாறிப் போகும் துணை ஒப்பந்தம், எந்தத் தரத்தை எதற்குப் பின்பற்றுவது என்ற குழப்பம், வேண்டுமென்றே குறைத்துச் செய்த வேலை. மேற்பார்வை என்று ஒன்று காகிதத்தில் பலமாக இருந்தது, சாரத்தின் மேல் ஏறிப் பார்த்தவர்கள் குறைவு.

வெளிச்சுவர் வேலை என்றால் என்ன? 90 முதல் 100 மி.மீ. தடிப்புள்ள பலகையைச் சுவரில் ஒட்டி, பிளாஸ்டிக் ஆணி அடித்து, அதன் மேல் கண்ணாடி இழை வலையும் அடிப்பூச்சும், கடைசியில் நிறப்பூச்சும். பலகையை ஒட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கெடுவது ஓரங்களில். ஜன்னலடித் திண்ணை முன்பு சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது சுவரே 100 மி.மீ. தடித்துவிட்டதால் அது உள்வாங்கிப் போகும். அதை நீட்டி, புதுப் பூச்சுக்கு வெளியே குறைந்தது 40 மி.மீ. தள்ளி, அடியில் சொட்டுக் கோடு வைத்துத் தர வேண்டும். வைக்காவிட்டால் ஒவ்வொரு மழையும் பலகைக்குப் பின்னால் இறங்கும். மேலே கூரை ஓரம் எட்டாவிட்டால் பலகையின் தலையில் ஒரு உலோக மூடி போட்டு சிலிக்கான் பூசி விட்டுவிடுவார்கள். அந்த சிலிக்கான் சில வருடத்தில் பிளந்துவிடும்.

கீழே பாருங்கள். உங்கள் மாதிரி வீடுகளின் முன் அறைத் தரை மரப்பலகை, கீழே வெற்றிடம். வெளிச்சுவரில் தரைக்குச் சற்று மேலே ஓட்டையுள்ள செங்கல் இருக்கும், அதுதான் அந்த வெற்றிடத்துக்கு மூச்சு. அதன் மேல் பலகை ஒட்டி மூடினால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது, சுவர் அழகாகவே இருக்கும். தரைக்கடியில் உத்திரம் இற்றுப்போவது சில வருடம் கழித்துத்தான் தெரியும். அந்த ஓட்டையைக் குழாய் வைத்துப் பலகைக்கு வெளியே நீட்ட வேண்டும். பலகையைத் தாங்கும் அடித்தண்டவாளம் ஈரத்தடுப்புப் படலத்துக்கு மேலே நிற்க வேண்டும், தரை மண்ணைத் தொடக் கூடாது. பாய்லரின் புகைக்குழாயையும் அதே போல் நீட்ட வேண்டும், அதை ‘கேஸ் சேஃப்’ என்ற கேஸ் வேலைக்காரர் பதிவேட்டில் உள்ளவர் மட்டுமே தொடலாம். குழாய் வாய் பூச்சோடு பூச்சாக அமுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் அன்றே பாய்லரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

வரிசை வீட்டில் இன்னும் இரண்டு சிக்கல். முன் முகப்பில் வளைந்த ஜன்னல், கல் வேலைப்பாடு எல்லாம் இருக்கும், அதன் மேல் பலகை ஒட்ட முடியாது, பாதுகாக்கப்பட்ட தெரு என்றால் கவுன்சிலும் விடாது. அதனால் முன்பக்கம் உள்சுவர், பின்பக்கம் வெளிச்சுவர் என்று கலப்பார்கள். இரண்டும் சேருமிடத்தில் குளிர்ப் பட்டை ஒன்று விட்டுப்போகும், பூஞ்சணம் முதலில் அங்கேதான் வரும். இரண்டாவது, பின்னால் சமையலறை நீட்டிப்பின் பக்கவாட்டுச் சுவர் பெரும்பாலும் எல்லைக் கோட்டிலேயே நிற்கும். 100 மி.மீ. தடிப்பு பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தின் மேல் போகும். அவருடைய சம்மதம் எழுத்தில் இல்லாமல் ஒட்டினால் அது அத்துமீறல், பின்னால் வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார்.

உள்சுவர் வேலை பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு வெளிச்சுவரிலும் அறை 60 முதல் 100 மி.மீ. குறுகும், ரேடியேட்டர், பிளக் எல்லாம் கழற்றி மாட்ட வேண்டும், வயதானவர்கள் வீட்டில் இருக்கும்போதே செய்வது கஷ்டம். பலகைக்குப் பின்னால் பழைய செங்கல் இன்னும் குளிர்ந்து போகும். அறையின் ஈரக் காற்று பலகை இணைப்பு வழியே உள்ளே புகுந்தால் அங்கே தண்ணீராகும். மாடித்தரையின் உத்திர முனை அந்தச் சுவருக்குள்ளேதான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஈரம் ஏறியிருக்கும் சுவரில், கூரை வடிகால் ஒழுகும் சுவரில், உள்ளே பலகை போடவே கூடாது. முதலில் ஒழுகலை நிறுத்தி, சுவர் காய வேண்டும்.

காற்றோட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் இது இரட்டிப்பு முக்கியம். தினமும் சோறு வடிக்கிறோம், இடியாப்பம் அவிக்கிறோம், குழம்பு கொதிக்கிறது, குளிர்காலத்தில் துணி ரேடியேட்டரில் காய்கிறது. பழைய வீட்டில் அந்த ஆவி ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு வழியே போய்க்கொண்டிருந்தது. இன்சுலேஷன் வேலையில் இடுக்கெல்லாம் அடைபட்டதும் ஆவி வீட்டிலேயே தங்கி, எது குளிர்ந்த மூலையோ அங்கே படியும். அதனால்தான் விதியிலேயே காற்றோட்டம் சேர்த்திருக்கிறது: சமையலறை விசிறி அடுப்புக்கு மேல் ஹூடாக இருந்தால் வினாடிக்கு 30 லிட்டர், வேறு இடத்தில் இருந்தால் 60 லிட்டர், குளியலறையில் 15 லிட்டர் இழுக்க வேண்டும். ஜன்னல் தலையில் சின்னக் காற்றுத் துவாரம் வேண்டும். உள் கதவுகளுக்கு அடியில் தரைவிரிப்புக்கு மேல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். கதவை அறுக்கும்போது பலர் முகம் சுளிப்பார்கள், ‘வேண்டாம், குளிர் வரும்’ என்று தடுப்பார்கள். தடுக்காதீர்கள். விசிறி சத்தம் போடுகிறது என்று சுவிட்சை அணைத்துவைப்பதும் அதே தப்பு. விசிறி வெறுமனே சுற்றினால் போதாது, ஓட்டத்தை மீட்டர் வைத்து அளந்து எழுதிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். சமையலறை ஹூட் காற்றைக் கரி வடிகட்டி வழியாகத் திரும்ப அறைக்கே விடுகிற வகை என்றால் அது கணக்கில் சேராது.

லாஃப்ட் மலிவான வேலை, பலனும் அதிகம். மொத்தம் 270 மி.மீ.: உத்திரங்களுக்கு நடுவே 100, குறுக்காக மேலே 170. கூரை சரிந்து இறங்கும் ஓரத்தில் 50 மி.மீ. காற்று இடைவெளி விட வேண்டும், கம்பளியை மூலை வரை திணித்தால் கூரை மரம் வியர்க்கும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதற்குச் சுற்றிலும் போர்த்த வேண்டும், அடியில் போடக் கூடாது, கீழிருந்து வரும் சிறு சூடுதான் அதை உறையாமல் காக்கும். கரண்ட் வயர் கம்பளிக்கு மேலே, உள்ளமுங்கிய விளக்குகளுக்கு மூடி, ஏறும் கதவுக்கும் இன்சுலேஷன். பெட்டிகளும் பழைய பாத்திரங்களும் அங்கே இருந்தால் முன்கூட்டியே இறக்கிவையுங்கள், ‘இடம் இல்லை’ என்று பாதியோடு போய்விடுவார்கள்.

ஹீட்டிங்: இப்போது ஓடுகிற கேஸ் பாய்லர் இருந்தால், அதைக் கழற்றி ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டைக் கரண்டால் உள்ளே இழுக்கும் கருவி) வைக்கலாம் என்பார்கள், புள்ளி நன்றாக ஏறும். ஹீட் பம்ப் நல்ல கருவிதான். ஆனால் சமீப ஆண்டுகளில் கரண்டின் யூனிட் விலை கேஸைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒரு யூனிட் கரண்டில் மூன்றரைக்குமேல் சூடு எடுக்காத பம்ப் பில்லைக் குறைக்காது. அதற்குக் குறைந்த சூட்டுத் தண்ணீர் வேண்டும், 45 டிகிரி அளவில், அதற்கேற்பப் பெரிய ரேடியேட்டர்கள் வேண்டும், சுடுதண்ணீர் சிலிண்டர் வைக்க ஓரிடம் வேண்டும். அறை அறையாகப் போட்ட வெப்ப இழப்புக் கணக்கைக் கேளுங்கள். ‘பழைய ரேடியேட்டரே போதும்’ என்று பார்க்காமலே சொன்னால் சந்தேகப்படுங்கள். சோலார் பேனலும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால், இந்தத் திட்டத்தில் கரண்ட்டால் சூடாகும் வீட்டுக்குத்தான் அது கணக்கில் வரும் என்பது நினைவிருக்கட்டும்.

நடைமுறை எப்படிப் போக வேண்டும்? முதலில் அரசாங்கத் தளத்தில் முகவரி போட்டு இப்போதைய ஈபிசியைப் பாருங்கள், பத்து வருடம்வரை செல்லும். இன்ஸ்டாலரின் ட்ரஸ்ட்மார்க் (அரசு ஆதரவுள்ள தரப் பதிவு அமைப்பு) பதிவு எண்ணைக் கேட்டு, அவர்கள் தளத்தில் நீங்களே தேடுங்கள், அதில் இந்த வகை வேலைக்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். லாஃப்டுக்குப் பதிவுள்ளவர் வெளிச்சுவரைத் தொட முடியாது. பிறகு மதிப்பீட்டாளர் வருவார். ஒழுங்காகச் செய்தால் சில மணி நேரம் ஆகும்: ஒவ்வொரு அறையையும் அளப்பார், ஈரம் பார்ப்பார், விசிறி பார்ப்பார், லாஃப்டில் ஏறுவார், யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பார். இருபது நிமிடத்தில் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பினால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து ஒருங்கிணைப்பாளர். திட்டம் முழுவதற்கும் பொறுப்பு இவருடையது, பெயரும் தொலைபேசி எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும். பல இடங்களில் இவருக்குச் சம்பளம் கொடுப்பதும் இன்ஸ்டாலர் தரப்புதான், அதையும் மனதில் வையுங்கள். அதன்பின் வரைபடம்: ஜன்னல் ஓரம், கூரை ஓரம், அடித்தண்டவாளம், காற்றுச் செங்கல் ஒவ்வொன்றுக்கும் படம் இருக்க வேண்டும். பலகை உற்பத்தியாளரின் பொதுப் படத்தை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் அது உங்கள் வீட்டின் வரைபடம் ஆகாது. இதெல்லாம் கையில் வந்தபிறகுதான் கையெழுத்து. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யவும் உரிமை உண்டு, ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் சரளம் இல்லை என்றால் மதிப்பீட்டு நாளிலும் ஒப்படைக்கும் நாளிலும் பிள்ளைகள் ஒருவர் உடனிருக்க வேண்டும். சாரம் கட்டுவதற்கு முன் நான்கு பக்கமும், காற்றுச் செங்கல், புகைக்குழாய், ஜன்னலடி எல்லாம் போன் கேமராவில் எடுத்துவையுங்கள். பலகை ஒட்டிய பின், பூச்சுக்கு முன், இன்னொரு முறை எடுங்கள். பின்னால் தகராறு வந்தால் இந்தப் படங்கள்தான் பேசும்.

முடிந்ததும் கையில் வர வேண்டியவை: ட்ரஸ்ட்மார்க் பதிவுச் சான்று, சுவர் இன்சுலேஷனுக்கு 25 வருட உத்தரவாதம், ஹீட் பம்ப் என்றால் அதற்கான எம்சிஎஸ் தரச் சான்று, கேஸ் வேலை என்றால் கேஸ் சேஃப் தாள், கட்டட ஒழுங்குமுறைக்கு அறிவித்த தாள், விசிறி ஓட்ட அளவு, புதிய ஈபிசி. உத்தரவாதம் இன்ஸ்டாலரின் சொந்தத் தாளில் இருந்தால் கம்பெனி மூடும் நாளில் அது செல்லாது. தனி உத்தரவாத அமைப்பின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

குறை வந்தால் முதலில் இன்ஸ்டாலருக்கு எழுத்தில், படத்தோடு. பதில் வராவிட்டால் அவருக்குச் சான்று கொடுத்த அமைப்பு, பிறகு ட்ரஸ்ட்மார்க், கம்பெனியே இல்லாமல் போயிருந்தால் உத்தரவாத அமைப்பு. பணம் கொடுத்த சப்ளையர் யார் என்று முதல் நாளே கேட்டு எழுதிவைத்திருந்தால் அவர்களிடமும் புகார் போகும். ஈக்கோ 4-ல் முழுச் செங்கல் சுவருக்கு ஏற்கனவே இன்சுலேஷன் போட்ட வீடுகளுக்கு ஆஃப்ஜெம் கடிதம் அனுப்பி, வீட்டுக்காரர் செலவில்லாமல் சோதித்துச் சரிசெய்யும் ஏற்பாடு நடக்கிறது. அப்படிக் கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். அதே சமயம், ‘உங்கள் இன்சுலேஷனைச் சோதிக்க வந்திருக்கிறோம், ஃபீஸ் கொடுங்கள்’ என்று வருபவர் அந்த ஏற்பாட்டைச் சேர்ந்தவர் இல்லை.

‘இன்றே’ என்ற அவசரத்தைப் பற்றி. 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில், ஈக்கோ 4-க்குப் பிறகு இன்னொரு ஈக்கோ வராது என்று அறிவித்தார்கள். முதலில் எழுதிய சட்டப்படி இந்தக் கட்டத்தின் கடைசி நாள் 2026 மார்ச் 31, பிறகு அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். கடைசிக் காலத்தில் ஒரு சப்ளையர் தன் இலக்கை முடித்துவிட்டால் புது வீட்டை எடுக்க அவருக்குக் காரணமே இல்லை, இலக்கு பாக்கியிருப்பவர் மட்டும் எடுப்பார். அதனால் வந்தவரிடம் இரண்டே கேள்வி: ‘எந்த சப்ளையர்? எங்கள் வீட்டு வேலையை அவர் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்து எங்கே?’ அதற்கு நேரான பதில் இல்லாமல் அவசரம் மட்டும் இருந்தால் கதவைச் சாத்தலாம். பாதியில் நிற்கும் சாரமும் உரித்துப் போட்ட சுவரும்தான் இந்தக் காலகட்டத்தின் பெரிய ஆபத்து.

ஈக்கோ கிடைக்காவிட்டாலும் வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 2025 ஏப்ரலிலிருந்து ‘வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட்’ கவுன்சில்கள் வழியாக நடக்கிறது. இது வரிப்பணம், சப்ளையர் கடமை இல்லை. ‘டி’ முதல் ‘ஜி’ தர வீடு, குடும்ப வருமானம் 36,000 பவுண்டுக்குள் அல்லது குறிப்பிட்ட உதவித்தொகை இருந்தால் கேட்கலாம். இன்சுலேஷன் போன்றவற்றுக்கு 15,000 வரை, குறைந்த கார்பன் ஹீட்டிங்குக்கு இன்னொரு 15,000 வரை. உங்கள் பெற்றோருக்கு நான் முதலில் விண்ணப்பிக்கச் சொல்வது இதற்குத்தான், கவுன்சிலின் கண் கொஞ்சமாவது வேலையின் மேல் இருக்கும். வேல்ஸில் ‘நெஸ்ட்’, ஸ்காட்லாந்தில் ‘வார்மர் ஹோம்ஸ் ஸ்காட்லாந்து’ என்று தனித்தனியாக உண்டு. வருமானம் எதுவானாலும் ஹீட் பம்ப் வைக்க நினைப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் மாற்று மானியம் 7,500 பவுண்டு இருக்கிறது, அதற்கு விண்ணப்பிப்பது இன்ஸ்டாலர், தொகை உங்கள் பில்லில் கழியும்.